ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க

நேர்காணலுக்கு என்று இருப்பதில் நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பல்கலைக்கழக வளாகத்துக்குள் உயிரியல் கட்டடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மாடியேறினேன். கடைசிப் படியில் கால் வைத்தபோது ஓர் அறைக்குள்ளிருந்து குள்ளமான அம்மாள் ஒருவர் ஓட்டமும் நடையுமாக வெளியே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாங்க, வாங்க. ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போங்க."

நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. இழுத்துக்கொண்டு போய் ஒரு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். எனக்கு முன்பே வாசல் காவலரும் தண்ணீர் கேன் போட வந்தவரும் பார்த்து முடித்துவிட்டுச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். நல்ல படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களின் களை அவர்கள் முகத்தில் இருந்தது.

குனிந்து பார்த்தேன். வெளிச்ச வட்டத்துக்குள் எண்ணமுடியாத சின்னச் சின்ன வால்கள். எல்லாம் ஒரே சமயத்தில் எங்கேயோ அவசர வேலையாகப் போய்க்கொண்டிருந்தன. சில நேராக, சில முட்டி மோதிக்கொண்டு, ஒன்றிரண்டு நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டு. விலங்கியலில் முதுகலைப் பட்டம் வாங்கியிருந்தேன். விந்தணுவைப் படமாக எத்தனையோ முறை வரைந்து பாகம் குறித்திருக்கிறேன். உயிரோடு ஓடுவதைப் பார்த்தது அன்றுதான்.

"என்ன தெரியுது?" என்றார்.

"ஓடுது மேடம்."

"ஓடுதுல்ல? அதத்தான் நாங்க இங்க படிக்கிறோம்." காவலரிடம் திரும்பினார். "பாத்தீங்களா அண்ணே, இவங்களும் ஓடுதுன்னுதான் சொல்றாங்க." அப்புறம்தான் என்னிடம் கேட்டார்: "ஆமா, நீங்க யாரு?"

வேலை கிடைத்தது. மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் குழந்தை இல்லாத தம்பதிகளைப் பற்றி, அதிலும் ஆண்கள் பக்கத்தைப் பற்றி, ஆராய்ச்சி செய்யும் குழு அது. குழு என்று பெயர்தானே தவிர, தலைவர் அந்த அம்மாள், கிராமம் கிராமமாகப் போய் ஆண்களிடம் பேசிக் கூட்டிவரும் பால்ராஜ் அண்ணன், ஆய்வகத்துக்கு நான். அவ்வளவுதான். எல்லாருக்கும் அவர் மேடம். இங்கே பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார். "எம் பேரு எதுக்கு? நீ என்ன பாத்தியோ அத எழுது" என்பார்.

அவரால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. இதை ஒரு குணம் என்பதா, வியாதி என்பதா என்று பால்ராஜ் அண்ணனும் நானும் அடிக்கடி விவாதித்திருக்கிறோம். நாகமலைக்கு மேலே வானவில் தெரிந்தால் ஜீப்பை நிறுத்தி டிரைவரை இறக்கிக் காட்டுவார். பின்னால் ஹாரன் அடிக்கிறவரையும் இறங்கச் சொல்வார். ஆய்வகத்தில் அதுவே இன்னும் மோசம். நல்ல ஸ்லைடு ஒன்று அமைந்துவிட்டால் நடைபாதையில் யார் போனாலும் தப்ப முடியாது. தபால்காரர், பக்கத்துத் துறைப் பேராசிரியர், தேர்வுக் கட்டணம் கட்ட வந்து வழிதவறிய மாணவர், எல்லாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டு மணிக்கணக்கில் குனிந்திருப்பதால் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டத் தழும்பு பதிந்திருக்கும். அதோடேயே காளவாசலில் இறங்கிப் பழம் வாங்குவார். பழக்காரர், "என்னம்மா, அடி கிடி பட்டுருச்சா?" என்று கேட்டால் அவரையும் ஆய்வகத்துக்கு வரச் சொல்வார்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருந்தார். விந்து வாங்கும் டப்பாவின் மேல் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. யாருடைய துளியையும் அவரவருக்கே காட்டுவதில்லை. முடிவை நகரத்தில் எங்களோடு சேர்ந்து வேலை செய்த டாக்டர்தான் உட்காரவைத்துப் பேசிச் சொல்வார். இந்த விதியை எழுதியவரே மேடம்தான்.

பால்ராஜ் அண்ணன் அதற்கு முன் விதைக் கம்பெனியில் விற்பனைக்காரராக இருந்தவர். செக்கானூரணிப் பக்கம் அவருக்குத் தெரியாத விவசாயி கிடையாது. டீக்கடையில் உட்கார்ந்து, மழை, விலை, கத்தரிக்காய்ப் புழு என்று பேசிக்கொண்டே வந்து கடைசியில், "மாப்ள, ஒரு டப்பா தாரேன், காலையில குடுத்துரு" என்பார். வாங்கியவர்கள் பாதிப் பேர் டப்பாவைத் திருப்பித் தரவே மாட்டார்கள். தந்தவர்களுடையதை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். அதுவரை உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அதனால் அண்ணன் டப்பாவைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு பைக்கில் பறப்பார்.

ஒருநாள் கே.கே. நகர் கிளினிக் ஒன்றிலிருந்து அப்படிப் பறந்து வரும்போது காளவாசல் சிக்னலில் போலீஸ்காரர் மறித்துவிட்டார். வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்ததைப் பார்த்து, "சட்டைக்குள்ள என்ன?" என்றிருக்கிறார். அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னார். போலீஸ்காரர் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

போன் வந்ததும் மேடம் ஸ்கூட்டியை எடுத்தார். பின்னால் நான். போகிற வழியெல்லாம், "ஆறிப்போயிருமே, ஆறிப்போயிருமே" என்று புலம்பிக்கொண்டே வந்தார். சிக்னலில் இறங்கியதும் அண்ணனைப் பார்க்கவில்லை, டப்பாவைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"சார், இது இன்னும் கால் மணி நேரந்தான் உசுரோட இருக்கும். நீங்களும் வாங்க. வந்து பாத்துட்டு, நாங்க சொல்றது பொய்யின்னா கேஸ் போடுங்க."

சுற்றி நின்ற ஆட்டோக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். போலீஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். "எதும்மா உசுரோட இருக்கும்?"

மேடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போலீஸ்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு, "போங்க, போங்க" என்று எங்களுக்காக மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்தி வழிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மஃப்டியில் ஆய்வகத்து வாசலில் நின்றார். கூடவே மச்சினர். "சும்மா பாத்துட்டுப் போகலாமுன்னு" என்றார். மேடத்துக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

என் அம்மா மிஷன் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "ஏதோ ஹார்மோன் பத்தி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு மேடத்தை வீட்டுக்கு அழைத்தபோது, "சாப்பிடுற எடத்துல அதெல்லாம் பேச வேண்டாம்னு சொல்லி வை" என்று என்னிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொன்னார். நானும் மேடத்திடம் சொல்லிவைத்தேன். மேடமும் பிரியாணி முடியும் வரை பொறுத்துக்கொண்டார்.

பாயசம் வந்ததும், "டீச்சர், இனப்பெருக்கப் பாடத்த நீங்க எப்படி நடத்துவீங்க?" என்று கேட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அது வந்து, வீட்டுல படிச்சுக்கங்கன்னு சொல்லிருவேன்."

"எல்லா வருசமுமா?"

"எல்லா வருசமும்தான். எங்க டீச்சரும் எங்களுக்கு அப்படித்தான் சொன்னாங்க."

மேடம் குற்றம் சொல்லவில்லை. அவர் முகம் பல்பு எரிந்ததுபோல ஆகிவிட்டது. "அப்ப நீங்க பாத்ததே இல்லையா? ஐயையோ, நாளைக்கே வாங்க."

அம்மா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து குனிந்தவர், எழுந்திருக்கவே இல்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். "இரு, இது ஒண்ணு அந்த ஓரத்துக்குப் போகுது, அது என்ன செய்யுதுன்னு பாத்துக்கிறேன்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இதப் போய் நடத்தாம விட்டுட்டேனேடி" என்றார். இப்போது யாராவது கேட்டால் என் வேலையைப் பற்றி என்னைவிட விளக்கமாக அவர்தான் சொல்கிறார். சர்ச்சில் இரண்டு பேர் அவரைப் பார்த்தால் வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மேடத்தின் இந்தப் பழக்கம் எனக்கு ஒரே ஒரு முறைதான் பயத்தைத் தந்தது. அது தவசி வந்த அன்று.

சனிக்கிழமைகளில் மைக்ராஸ்கோப்பை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போவோம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். மேடம் வழக்கம்போல டீக்கடைக் கூட்டத்தையே உள்ளே அழைத்து ஏதோ ஒரு பழைய எண்ணின் வீடியோவைக் காட்டிக்கொண்டிருப்பார். "தலப்பெரட்ட மாதிரியே இருக்கே" என்பார்கள். சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் இருவர் தயங்கித் தயங்கி டப்பா கேட்பார்கள்.

தவசி கத்தரியும் வெண்டையும் போடுகிறவர். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் இருக்கும். ஜோதி என்று மனைவி. குழந்தை இல்லை. ஜோதியைத்தான் எல்லாரும் எல்லா டாக்டரிடமும் கூட்டிப்போயிருந்தார்கள். தவசி எங்கேயும் போனதில்லை. பால்ராஜ் அண்ணன் இரண்டு மாதம் பின்னாலேயே அலைந்து அவரைச் சம்மதிக்கவைத்திருந்தார்.

அன்று காலை டப்பாவைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். மேடம் அப்போதுதான் தவசியின் ஸ்லைடிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். இடம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஸ்லைடு போட்டு அதையும் பார்த்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை.

"மேடம், என்னோடதக் காட்டுங்க" என்றார் தவசி.

"இல்ல தம்பி. டாக்டர் சொல்லுவாரு. அடுத்த வாரம் நாங்களே கூட்டிட்டுப் போறோம்."

"ஊருல போறவன் வாரவனயெல்லாம் வந்து பாரு, வந்து பாருங்கிறீக. என்னய மட்டும் வேணாங்கிறீக." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப அதுல ஒண்ணுமில்ல. அதானே?"

நான், "விதிப்படி டாக்டர்தாண்ணே சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

தவசி குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "வெறும் வெளிச்சமா இருக்கு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். நாங்கள் பேசி முடிவெடுப்பதற்குள் பைக் சத்தம் தெரு முனையைத் தாண்டிவிட்டது.

பால்ராஜ் அண்ணன் என் காதோரம், "அவன் தோட்டத்து மோட்டார் ரூம்லதான் பூச்சி மருந்து டின்னெல்லாம் இருக்கு" என்றார். அது மேடத்துக்கும் கேட்டுவிட்டது.

ஜீப்பில் போகும்போது அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பேசினார். அதுவரை அவர் தன் வீட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. "எங்க அக்காவ இதே ரோட்டு வழியாத்தான் திருப்பிக் கொண்டுவந்து விட்டாங்க. பிள்ள இல்லன்னு. மாமா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. அந்தப் பொண்ணுக்கும் பிள்ள இல்ல. மூணாவதா பாத்துக்கிட்டு இருந்தாங்க. மாமாவ ஒரு தடவ பாக்கணுமின்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் தோணல, நான் அப்ப காலேஜ்ல பயாலஜி படிச்சுக்கிட்டு இருக்கேன்." அப்புறம், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க தம்பி" என்றார் டிரைவரிடம்.

தவசி மோட்டார் ரூம் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பால்ராஜ் அண்ணன் பேச்சுக் கொடுப்பதுபோல உள்ளே போய் டின்களைப் பின்பக்கமாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். மேடம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தவசிக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க பாத்தது என்ன?"

"ஒண்ணுமில்லாதத."

"இல்ல. நீங்க பாத்தது வெளிய என்ன வருதுங்கிறத மட்டுந்தான். உள்ள என்ன இருக்குன்னு நாம யாரும் இன்னும் பாக்கல." கையால் தொட்டியைக் காட்டினார். "இந்தக் குழாயில தண்ணி வரலன்னா கெணறு வத்திப்போச்சுன்னு எடுத்த எடுப்பிலயே சொல்லிருவீங்களா?"

தவசி குழாயைப் பார்த்தார். "குழாயில அடைப்பான்னு பாப்பேன்."

"பாப்பீங்கள்ல? அதப் பாக்கத்தான் டாக்டர்ட்ட போகணுங்கிறேன். கெணறே வத்தியிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா பாக்காம முடிவு பண்ணாதீங்க."

தவசி கேட்டார்: "டாக்டர் உள்ள பாக்கையில நீங்களும் இருப்பீகளா?"

"விடுவாங்களான்னு தெரியல. கேட்டுப் பாப்பேன்" என்றார் மேடம். அதை அவர் சொன்ன ஆர்வத்தில் தவசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் பால்ராஜ் அண்ணன் கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார்.

ஜீப்பில் ஏறியதும், "நான் எழுதின விதிய நானே மீறிட்டேன்" என்றார். தப்பென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் தவசி ஆய்வகத்துக்கே வந்தார். கூட ஜோதி. ஒல்லியான பெண், கழுத்திலும் கையிலும் ஏகப்பட்ட மந்திரக் கயிறுகள். தவசி புதிதாக ஒரு டப்பா கொடுத்துவிட்டு, "இவளுக்குக் காட்டுங்க" என்றார். "எம் வாயால சொன்னா நம்ப மாட்டேங்கிறா. தனக்குத்தான் கொறைன்னு அம்புட்டு நிச்சயமா இருக்கா."

மேடம் முதலில் எல்லாருக்கும் காட்டும் வீடியோவைப் போட்டார். ஜோதி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்புறம் தவசியின் ஸ்லைடு. அவள் குனிந்து அப்படியே இருந்தாள். தவசி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இந்த மனுஷனுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருடைய முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

ஜோதி நிமிர்ந்தாள். "கண்ணுக்கே தெரியாத இம்புட்டுச் சின்னதுக்கா மேடம் என்னய அம்புட்டுக் கோயிலுக்கு நடக்கவிட்டாக?"

அந்தக் கையோடு போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டாள். "அத்தே, அந்தக் கசாயத்த இனி அரைக்காதீக. நான் குடிக்க மாட்டேன். இல்ல, கோவமில்ல. ஒங்க மகன்தான் டாக்டர்ட்ட போகணும். ஆமா, அவருதான் சொல்லச் சொன்னாரு." தவசி சொல்லச் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்து, போனுக்குக் கேட்கிற மாதிரி, "ஆமாத்தா, நாந்தான்" என்றார்.

டாக்டர் பார்த்தார். விந்து வரும் பாதையில் ஒரு சின்ன நீர்க்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கிணறு வற்றவில்லை என்று டாக்டர் சொல்லவில்லை, மேடம்தான் போனில் அப்படிக் கத்தினார். கட்டியை எடுத்த அன்று மேடத்தை அறுவைச் சிகிச்சை அறைக்குள் விடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தார், ஜோதி பக்கத்தில். உள்ளே போக முடியாத ஏக்கம் ஜோதியைவிட அவருக்குத்தான் அதிகம் போலத் தெரிந்தது.

ஆனால் அதற்குப் பிறகு தந்த முதல் டப்பாவில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. "விடுங்க மேடம், எங்க ரெண்டு பேருக்குள்ள சண்ட இல்லாமப் போச்சு, அது போதும்" என்றார் தவசி. மேடம் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு தரம் என்று கெஞ்சினார்.

மூன்றாவது டப்பா வந்த நாள் முற்பகலில் நான் பக்கத்து அறையில் இருந்தேன். நாற்காலி விழுகிற சத்தமும் ஓர் அலறலும் கேட்டன. ஓடினேன். மேடம் மைக்ராஸ்கோப்பின் முன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இருந்துச்சு. ஓடுச்சு. ஒன்னயக் கூப்பிட எந்திரிச்சேன், முழங்கை இடிச்சிருச்சு. எங்கயோ போயிருச்சு."

தேடினார். என்னை உட்காரவைத்தார். ஸ்லைடை மேலும் கீழுமாக நகர்த்தினேன். எங்கும் வெளிச்சம்தான். பால்ராஜ் அண்ணனைக் கூப்பிட்டோம். தன் இமை ரோமமும் தூசியும்தான் அவருக்கு எப்போதும் தெரியும், அன்றும் அதுவேதான் தெரிந்தது. "நெசமாவே பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டுத் திட்டு வாங்கினார். துளி ஓரங்களில் காயத் தொடங்கியிருந்தது. தவசி வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார், உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஜோதி மட்டும் வாசலில் நின்றிருந்தாள்.

"நான் பாக்கவா?" என்றாள்.

நகர்த்தும் திருகை அவள் விரலில் வைத்து, எப்படித் திருப்புவது என்று மேடம் காட்டினார். ஜோதி அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தாள். வரிசை வரிசையாக நகர்த்தினாள். நாங்கள் மூவரும் அவள் தலைக்கு மேல் குனிந்து நின்றோம். அவள் விரல் நின்றது.

"இந்தாருக்கு" என்றாள். மெதுவாக. "ஒத்தையாப் போகுது."

பால்ராஜ் அண்ணன் மரத்தடிக்கு ஓடிப்போய் தவசியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் பார்க்கும்போது அது அங்கேதான் இருந்தது.

"எங்கயும் போகக் காணோமே மேடம். ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வருது."

"வழி தெரியல. இப்பத்தானே வெளிய வந்திருக்கு" என்றார் மேடம். அவருக்குக் கண்ணில் நீர் வழிந்து, வட்டத் தழும்பில் தேங்கி, கன்னத்துக்கு இறங்கியது. துடைத்துக்கொள்ளாமலே நடைபாதைக்கு ஓடினார். அந்த மாடியில் அன்று யாருமே வேலை பார்க்கவில்லை.

அந்த ஒன்று போதாது. அடுத்தடுத்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அப்போதும் டாக்டர் போதாது என்று தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் மேடம் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்றும், பெட்டிகளை ஏற்ற வந்தவர்களை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்ததில் லாரி தாமதமானது.

தவசி வீட்டுச் செய்தி எனக்கு வந்தது ஒரு மழை நாளில். பால்ராஜ் அண்ணன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், ஜோதிக்கு..." என்று ஆரம்பித்ததுமே, "இரு, இரு, சொல்லாத" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. அங்கே யார் யாரையோ எனக்குப் புரியாத இந்தியில் கூப்பிட்டார். நாற்காலிகள் இழுபட்டன. அவர் அவர்களிடம் வேகவேகமாக ஏதோ சொல்லிக்கொண்டே போனார். பெயர் எதுவும் அதில் வரவில்லை. கத்தரித் தோட்டம் என்பதை மட்டும் இந்தியில் சொல்லத் தெரியாமல் தமிழிலேயே சொன்னார்.

"ம், ஸ்பீக்கர்ல போட்டாச்சு. எல்லாரும் வந்துட்டாங்க. இப்பச் சொல்லு."

"பொம்பளப் பிள்ள, மேடம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அவர் மொழிபெயர்த்துச் சொல்வதற்கு முன்பே அங்கே யாரோ கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.